அடைத்து வைத்த புல்

எங்களுக்கு நாலு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. உழாமல், விதைக்காமல் மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் கம்பெனி வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆறு கறவை மாடுகளும் என் பொறுப்பு.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையே இல்லை. தை முடிவதற்குள் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. காட்டை நாங்கள் மூன்று பாகமாகத் தடுத்து வைத்திருந்தோம். ஒரு பாகத்தில் புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் மாடுகளை அடுத்ததுக்கு மாற்றிவிட வேண்டும். வேர்வரைக்கும் கடித்துவிட்டால் அடுத்த மழைக்கு அது துளிர்க்காது. சித்திரை மழை வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டுமென்று மூன்றாவது பாகத்தை முள் படல் கட்டி அடைத்தேன். காலையில் இரண்டு மணி நேரம் மேய்ச்சல், பிறகு கட்டுத்தறியில் சோளத்தட்டு. மாடுகள் படலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

எங்கள் காட்டுக்குக் கிழக்கே, லைன் வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். புருஷனோடு சாயப்பட்டறை வேலைக்கு வந்தவள். அவன் காமாலையில் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். ஊருக்குள் இருந்த சின்ன பனியன் யூனிட்டில் தைத்துக்கொண்டே ஒரு மாடும் வைத்திருந்தாள். எங்கள் செவலை மாட்டின் கிடாரிக் கன்றை என்னிடம்தான் வாங்கியிருந்தாள். முதல் ஈற்று ஈன்று, பால் நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும்போதெல்லாம் அந்த மாட்டைப் பற்றியேதான் பேசுவாள்.

மாசி முடியும் சமயம் ஒருநாள் காலையில் அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"யக்கா, ஒரு மாசத்துக்கு மட்டும் எம்மாட்டையும் உள்ள விட்டுக்கிடட்டுமா? ரோட்டோரத்துல ஒண்ணுமே இல்லக்கா. பாலும் வத்திட்டு வருது."

"இல்லீங் அம்மணி. எங்க மாட்டுக்கே பத்தாது. உனக்கு உட்டா நாளைக்கு இன்னும் நாலு பேரு வந்து நிப்பாங்க. அப்ப நான் என்ன பண்றது?"

"அதுஞ் சரிதான்க்கா" என்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மாட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு மாடுதான புள்ள, உட்டிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்கென்னங்க, வேனேறிப் போயிருவீங்க. சித்திரையில புல்லில்லாம நிக்கறப்ப ஆரு பதில் சொல்றது?" என்றேன்.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு மழை. மண்ணை நனைத்துவிட்டுப் போனதோடு சரி. எங்கள் புல்லுக்கு அது போதவில்லை. ஆனால் பக்கத்தில் சோளம் அறுத்துத் தரிசாகக் கிடந்த காட்டில் அடிக்கட்டைகள் துளிர்விட்டன. சுற்றிலும் வெள்ளையாய்க் காய்ந்து கிடக்க, அந்த ஒரு காடு மட்டும் பச்சையாய்த் தெரிந்தது. பத்து நாள் வெயிலில் குருத்தெல்லாம் வாடிச் சுருண்டது. வாடின சோளக் குருத்து மாட்டுக்கு விஷம். எங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் காட்டைத் தாண்டித்தான் தினமும் சொசைட்டிக்குப் போனேன். அவளுக்கு இது தெரியாமல் இருக்குமென்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மகள் ஓடிவந்தாள். "பெரியம்மா, மாடு விழுந்திடுச்சு. அம்மா கூப்பிடுது."

ஓடினேன். சோளக்காட்டு ஓரத்தில் மாடு சரிந்து கிடந்தது. வாயில் நுரை. வயிறு உப்பி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். வீட்டுக்காரர் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் தாராபுரத்திலிருந்து உடனே கிளம்பிவிட்டதாகச் சொன்னார். விஷம் முறியட்டுமென்று நான் கருப்பட்டியைக் கரைத்து எடுத்துவர ஓடினேன். திரும்பி வந்தபோது மாட்டின் கால்கள் விறைத்திருந்தன. டாக்டர் வந்து கண்ணைத் திறந்து பார்த்தார். தரையில் கிடந்த குருத்து ஒன்றை எடுத்துக் காட்டி, "இதத்தான் தின்னிருக்குதுங்க" என்றார்.

அவர் போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"இது மாட்டுக்கு ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியுங் அம்மணி" என்றேன்.

அவள் முந்தானையால் மாட்டின் வாய் நுரையைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கே எங்கள் காட்டு மூலையில் குழி வெட்டினோம். வீட்டுக்காரர்தான் மண்வெட்டி பிடித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வருஷம் சித்திரை பிறந்ததும் நல்ல மழை. ஒரே வாரத்தில் இரண்டு தடவை கொட்டித் தீர்த்தது. அடைத்து வைத்துப் பங்குனி கடைசியில் திறந்த மூன்றாவது பாகத்தில் மாடுகள் பாதிகூட மேயவில்லை. பழைய புல் முழங்கால் உயரத்துக்கு நின்று, மழையில் சாய்ந்து, கறுத்து அழுகியது. அதற்கடியில் புதுப்புல் முளைத்தது. அவள் மாடு ஒரு மாசம் அல்ல, இரண்டு மாசம் மேய்ந்திருந்தாலும் எங்களுக்குக் குறைந்திருக்காது. நான் படலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மாடுகள் என்னைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் ஒரு கிடாரிக் கன்றைப் பிடித்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். அவள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைக் கட்டிக்கோ கண்ணு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் வந்து கன்றின் நெற்றியைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம்க்கா. இனிம ஒண்ண வளக்க மனசுல தெம்பில்ல. புள்ளைக்கு லீவு விட்டாச்சு. திருப்பூர்ல செக்கிங்குக்குக் கூப்பிடுதாவ, போயிருதோம்."

கன்றைத் திரும்பக் கூட்டிவந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் கொஞ்சம் நரை. அவள்தான் முதலில் பார்த்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டதைச் சொன்னாள். ஒருநாள் வீட்டுக்கு வரச்சொன்னாள். நான் சொல்ல வேண்டியதை நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சுற்றிலும் கூட்டம், கண்டக்டர்களின் கூச்சல்.

"சாப்பிட்டியா அம்மணி?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆச்சுக்கா" என்றாள். திருப்பூர் பஸ் வந்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.