கப்பலிலிருந்து வந்த மூன்று வரி ஆங்கிலம்

என் கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறார். வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டு ஆண்கள் கப்பலில் இருக்கிறார்கள். ஆகவே நாலைந்து நாள் அழைப்பு வராவிட்டால் நான் கலங்குவதில்லை. அன்று காலை ஏழு மணிக்கு வந்த செய்தி அப்படியில்லை. அது அவருடைய எண்ணிலிருந்து வரவில்லை. கப்பலின் இரண்டாம் அதிகாரி, ஒரு வெள்ளைக்காரர், ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதியிருந்தார்.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட ஆங்கிலம்தான். தனித்தனிச் சொற்கள் விளங்கின. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கைபேசியின் மொழிபெயர்ப்பில் போட்டேன். ‘நேற்றிரவு அவர் தொட்டுப் போனார். அவர் இன்னும் காடுகளுக்கு வெளியே இல்லை. உங்களைப் பதிவிட்டு வைத்திருப்போம்’ என்று வந்தது.

காடு என்ற சொல்லைக் கண்டதும் அந்த வரியையே மூன்று தரம் வாசித்தேன். கப்பல் அந்த வாரம் மேற்கு ஆபிரிக்கக் கரையோரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கடற்கொள்ளையர் கப்பலேறி ஆட்களைப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் மாதக்கணக்கில் அடைத்து வைப்பார்கள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“ஆரிட்டையிருந்து பிள்ளை?” குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமி, அவருடைய அம்மா, கேட்டார்.

“கம்பனியாலை மாமி. ஏதோ ஃபோம் நிரப்பட்டாம்.”

“அவன் சுகமாய் இருக்கிறானாமோ?”

“ஓம் மாமி.”

அவருடைய எண்ணுக்கு எடுத்தேன், போகவில்லை. அந்த அதிகாரியின் எண்ணும் எடுபடவில்லை. கொழும்பில் கப்பல் கம்பனியின் அலுவலகம் பௌர்ணமிப் போயா விடுமுறை என்று பூட்டியிருந்தது. என்னோடு படித்த ஒருத்தி நெல்லியடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறாள். கடைக்குப் போய்விட்டு வாறன் என்று மாமியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உடுப்பிட்டி தாண்டும்வரை பற்றைகளையும் பனங்காணிகளையும் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. அவர் எந்த மரத்தடியில் கட்டப்பட்டுக் கிடக்கிறாரோ என்றே மனம் ஓடியது.

தோழி வாசலிலேயே கைபேசியை வாங்கி வாய்விட்டு வாசித்தாள். “டச் அண்ட் கோ... நொட் அவுட் ஒஃப் த வூட்ஸ் யெட்...”

“ஆர் பிடிச்சு வைச்சிருக்கிறாங்களாம்?” என்றேன்.

“ஒருத்தரும் பிடிக்கேல்லையடி. இது காடு இல்லை. இங்கிலீசிலை சும்மா அப்பிடிச் சொல்லுறது.”

நான் உள்ளே போய் அவளுடைய வகுப்பு வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டேன். சிரிப்புக்கூட வந்தது. அவள் சிரிக்காததைப் பிறகுதான் கவனித்தேன்.

“அப்ப என்ன அர்த்தம்?”

அவள் கைபேசியைத் திருப்பித் தரவில்லை. “ஆபத்து இன்னும் தாண்டேல்லை எண்டு அர்த்தம்.”

“மற்றது?”

“டச் அண்ட் கோ எண்டால்... தப்புமோ தப்பாதோ எண்டு இருக்கிற நிலைமை. நேற்று இரவு அப்பிடி இருந்தவராம். கடைசி வரி, வாற செய்தியை உடனுக்குடன் சொல்லுவம் எண்டு.”

காடு எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. காட்டுக்குள் இருப்பவன் உயிரோடு இருப்பான்.

“என்ரை மனுசனுக்கு என்ன நடந்தது, சின்னச் சொல்லுகளிலை எழுதச் சொல்லு” என்றேன். அவள் எழுதி அனுப்பினாள். அவள் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அது ஆறிப்போய் ஆடை படர்ந்தது. மாமி கைபேசிக்கு இரண்டு தரம் எடுத்தார். இரண்டு தரமும் நான் பேசாமல் விட்டேன்.

பதினொரு மணிபோல் கைபேசி ஒலித்தது. அவள் பார்த்தாள். அவள் கண்கள் நிரம்பின. அவ்வளவுதான், நான் வாங்கிலிருந்து சரிந்துவிட்டேன்.

“எழும்படி! ஹி ஹாஸ் டேர்ண்ட் த கோர்ணர்!” அவள் என் தோளை உலுக்கினாள். “மோசமான கட்டம் முடிஞ்சு தேறி வாறாராம். நல்ல செய்தியடி!”

“உண்மையாவோ? செத்ததை உப்பிடி மறைச்சுச் சொல்லுறேல்லையோ?”

“கோயிலறிய உண்மை.”

மீதியை அதிகாரி சின்னச் சொற்களில்தான் எழுதியிருந்தார். குடல்வால் வெடித்து நஞ்சு பரவியிருக்கிறது. படகில் இறக்கித் துறைமுக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் முதல் நாளே ஒரு செய்தியில் எழுதினாராம். அது எனக்கு வந்து சேரவேயில்லை. மூன்றாம் நாள் அவரே எடுத்தார். குரல் கிழவனுடையதுபோல இருந்தது. “இஞ்சை பாரும், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும்” என்றார். அதற்குள் மாமிக்கு என் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது.

ஊருக்கு வந்து நான்கு மாதம் இருந்துவிட்டு அவர் மறுபடி கப்பலேறிவிட்டார். நான் சனிக்கிழமைகளில் தோழியின் வகுப்பில், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்து படிக்கிறேன். ஆங்கிலச் செய்தி வந்தால் இப்போதும் உடனே திறக்க மாட்டேன். போன கிழமை ‘கிக் த பக்கெட்’ என்று கரும்பலகையில் எழுதினாள். வாளியை உதைத்தான் என்றால் செத்துப்போனான் என்று பொருள் என்றதும் வகுப்பே சிரித்தது. நான் பேனையை மூடி வைத்தேன். அன்றைக்கு அப்படி எழுதி வந்திருந்தால், மனுசன் கப்பலில் எந்த வாளியிலோ கால் இடறிவிட்டார் என்று மாமிக்குச் சொல்லிவிட்டு, நான் மத்தியானச் சமையலைப் பார்த்திருப்பேன்.