செம்புப் பட்டை இருந்த இடத்தில்

போர்ட் சயீதின் மீன் சந்தைக்குப் பின்னுள்ள பட்டறைத் தெருவில் வாகனங்களுக்கு மின்வேலை செய்துவந்த, தொழில் வல்லவர் என்ற பொருளில் எல்லோரும் ‘உஸ்தா’ என்றழைக்கும் ஷெஹாத்தா, கோபத்தை அடக்கத் தெரியாதவர் என்று உறவினர் சொல்வதுண்டு. அது முழு உண்மை அன்று. தம் வேலையைக் குறை சொன்னால் மட்டுமே அவருக்குக் கோபம் வரும்.

அன்று மினிபஸ் ஓட்டுநர் ஷவ்கி தெருமுனையிலேயே கத்தத் தொடங்கிவிட்டான். ஆட்களோடு போகையில் ஆக்சிலரேட்டர் சிக்கி, வண்டி தானாகச் சீறிப் பாய்ந்து, ஒரு பழக்கடையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது.

“உஸ்தா, போன மாசம் நீதானே ஒயர் வேலை பாத்த? வண்டியில இருந்த அத்தனை பேரையும் கொல்லப் பாத்தியே!”

டீக் கிளாசுகளோடு மற்ற ஓட்டுநர்கள் கூடிவிட்டனர்.

“அவருக்குக் கண்ணு மங்கிடுச்சுப்பா, கண்ணாடி வாங்கிக் குடுங்க” என்றான் ரிஃபாய் என்பவன். எல்லோரும் சிரித்தனர். இவர்கள் நம்பிக்கை இழந்தால் நாளை முதல் ஒரு வண்டியும் பட்டறை வாசலில் நிற்காது. ஷெஹாத்தாவின் காதுமடல்கள் சிவந்தன.

“பானெட்டைத் திறடா.”

உள்ளே எங்கும் வெள்ளி நிறப் பூச்சு. வீட்டில் கல்யாணம் என்றால் ஊர்வலத்துக்காக எஞ்சினைச் சுற்றியும் பெயிண்ட் அடிப்பது இந்த ஓட்டுநர்களின் வழக்கம். ஷவ்கி தங்கையின் கல்யாணத்துக்கு அடித்திருந்தான். எஞ்சினையும் பாடியையும் இணைத்து ஷெஹாத்தா பொருத்தியிருந்த அகன்ற செம்புப் பின்னல் பட்டையைக் காணவில்லை. அங்கே, ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய சிவப்பு ஒயர், பெயிண்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது.

“என் எர்த் பட்டை எங்கடா?”

“கறுத்துப்போய் அசிங்கமா இருந்துச்சு. பெயிண்டர் ஹம்தி தூக்கிப் போட்டுட்டான். எதுவா இருந்தா என்ன, ஒயர்தானே?”

“ஒயர்தானேவா? ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் இந்த நூல் வழியா பேட்டரிக்குத் திரும்புமா? போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் வேற. வழி கிடைக்காம உன் ஆக்சிலரேட்டர் கேபிள்ல பாஞ்சிருக்கு. பாரு, உறை உருகி ஒட்டிக்கிச்சு, அதான் சிக்கிச்சு!”

கருகிய கேபிளை அவன் மூக்கருகே நீட்டினார்.

ஷெஹாத்தா பெட்டியைக் கவிழ்த்துப் பட்டைகளைத் தேடினார். கைக்கு வந்த முதல் பட்டை அகலமானதுதான். ஆனால் நீளம் போதவில்லை.

“எஞ்சின் குலுங்கும். விறைப்பா இழுத்துக் கட்டினா அறுந்துடும்” என்று உறுமி அதை வீசினார். சற்றுத் தொய்வாக நிற்கக்கூடிய, அதே அகலமுள்ள பின்னலை எடுத்தார். போல்ட் இருந்த இடத்தில் உலோகம் பளிச்சிடும்வரை பெயிண்டைச் சுரண்டினார். ஷவ்கியின் தோலையே உரிப்பதுபோல் இருந்தது.

“மன்னிச்சிடுங்க உஸ்தா” என்றான் ஷவ்கி.

கூட்டத்திலிருந்து ஓசைப்படாமல் நழுவிய ரிஃபாய், தன் மினிபஸ்ஸின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்ததை ஷெஹாத்தா பார்த்துவிட்டார்.

“டேய், உனக்கும் ஹம்திதான் பெயிண்ட் அடிச்சானா?”

“ஆமா உஸ்தா… ஆனா எனக்கு நீல ஒயர்.”

“எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்துங்கடா!” தெருவே அதிரக் கத்தினார் ஷெஹாத்தா.

டீக் கிளாசுகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் தத்தம் வண்டியை நோக்கி ஓடினர்.