சட்டையை மட்டும் பார்

வாசிப்பவரே, நீங்களே என் சாட்சி. தீர்ப்பு வேண்டாம், அதை நான் ஏழு வயதிலேயே எழுதிவிட்டேன். அது சரிதானா என்று மட்டும் பாருங்கள்.

இலங்கையின் வன்னியில் போரின் கடைசிக் காலை அது. பதுங்கு குழியை விட்டு ஏறியதும், அம்மா என் வெள்ளைப் பள்ளிச் சட்டையைத் தடியில் கட்டி என்னிடம் தந்தார். அப்பாவின் வேட்டி இருக்க என் சட்டை எதற்கு என்று அழுதேன். சின்னச் சட்டையைக் கண்டால் பிள்ளை வருகிறது என்று இராணுவத்தினர் சுடமாட்டார்கள் என நம்பினார் அம்மா.

"பள்ளிக்கூடம் திறந்தா வேற தைச்சுத் தாறன். தூக்கிப் பிடி தம்பி."

முன்னால் நான், என் தோளைப் பற்றியபடி அம்மா, அவருக்குப் பின்னால் அப்பா. எங்கும் வெடிச்சத்தம். திடீரென்று அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

"சட்டையை மட்டும் பார். திரும்பாத!"

பார்த்தேன். சட்டைப் பையில் கரி படிந்திருந்தது. ஆசிரியை ஏசுவாரே என்று தடியைத் தாழ்த்தித் தட்டிவிட்டேன். அந்தக் கணமே அருகில் ஒன்று வெடித்தது. மீண்டும் தூக்கினேன்.

இராணுவத்தின் முள்வேலியை அடைந்தபோது அப்பா இல்லை. என் கைதான் அவரைக் கொன்றது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அகதிகளாக மலேசியாவின் குளுவாங் வந்தோம். விவாதப் போட்டிகளில் கோப்பைகள் வென்றேன். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருநாள், எதிர்வீட்டு மாடியில் வெள்ளைத் துணியொன்று தொங்கியது. கண்டதும் அம்மா சுவரோடு ஒடுங்கி அமர்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியே சொன்னார்: "பயப்படாதீங்க லா, அக்கா. வீட்டுல அரிசி இல்லன்னா இப்படித் துணி கட்டுவாங்க. நாங்க குடுத்துட்டு வர்றோம்."

அவர் போனதும் என் வாய் தானாகத் திறந்தது. "அம்மா, நான் சட்டையை இறக்கினபடியாத்தானே அப்பா..."

"விசர்க்கதை கதையாத. நீ இறக்க முதலே அப்பா விழுந்திட்டார். நீ திரும்பிப் பாக்கக் கூடாதெண்டுதான் சட்டையைப் பாக்கச் சொன்னனான்."

எதிரணியின் வாதங்களை வரி வரியாக உடைத்தவன் நான். அம்மாவின் கட்டளை முதலில், என் பிழை அதன் பிறகு என்ற எளிய வரிசை எனக்கு ஒருநாளும் தென்படவில்லை.

மேடைத் தமிழ் அன்று வரவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"இனித் திரும்பிப் பாப்பன், அம்மா. பாத்ததை எல்லாருக்கும் சொல்லுவன்."