பிள்ளையார் சுழி போட்ட வாக்குச்சீட்டு

எங்கள் டெக்சாஸ் கவுண்ட்டியில் இருந்த ஒரே ஆஸ்பத்திரியையும் இழுத்து மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது அதற்கு அடுத்த மாதம். மனிதருக்கு எதிலும் நேரம் காலம் கிடையாது. ஃப்ரீவே என்றாலே ஆகாத நான், பக்கத்துக் கவுண்ட்டி வரை அவரை வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

பிறகு மாநிலம் முழுக்க ஒரு வாக்கெடுப்பு வந்தது. எங்களுடையது போன்ற கவுண்ட்டிகள் ஆஸ்பத்திரி நடத்துவதற்கென்றே தனி வரி மாவட்டம் அமைத்து, அதற்கும் சொத்து வரி வசூலிக்கலாமா, கூடாதா? ப்ராப்பர்ட்டி டாக்ஸ் என்று கேட்டாலே இவருக்கு ஸ்டென்ட் வைத்த இடம் வலிக்கும். "இருக்கிற டாக்ஸ் பத்தாதா?" என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் கச்சேரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி வலி வந்தால் என்ன செய்வார், டாக்ஸ் ரசீதை நெஞ்சில் தடவிக்கொள்வாரா?

வயதானவர்கள் என்பதால் இருவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. நான் "வேண்டும்" என்று போட்டு அன்றே அனுப்பிவிட்டேன். இவர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினார். மடிக்கும்போது மேல் ஓரம் மட்டும் தெரிந்தது. நட்டநடுவில் பிள்ளையார் சுழி. மளிகை லிஸ்ட்டுக்கே போடுகிறவர்.

"போச்சு. பேலட்ல கண்டதையும் கிறுக்கினா செல்லாது," என்றேன். சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

பதறிப்போய்த் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அது உங்கள் கையெழுத்தா என்று போனை எடுத்த அம்மாள் கேட்டாராம். இல்லை, கடவுள் என்றாராம் இவர். சந்தேகமாக இருந்தால் சீட்டை ஒப்படைத்துவிட்டு நேரில் வந்து போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாக்குப்பதிவு அன்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். ஓட்டுகிறவள் நான்தான்.

"வேணாம்னு சொல்றதுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா?" என்றேன்.

"வேணாம்னு போட்டேன்னு உனக்கு யார் சொன்னா?"

"தினமும் கத்தினீங்களே."

"டாக்ஸ் ஜாஸ்திதான். இப்பவும் சொல்றேன்." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "அன்னிக்கு ஃப்ரீவேல நீ அழுதுகிட்டே ட்ரைவ் பண்ணினே. வலியை விட எனக்கு அதான் பயமா இருந்தது. இன்னொரு தடவை உன்னை அப்படி ஓட்ட வைக்க மாட்டேன்."

காரை எடுத்தேன். மெதுவாகப் போ, சிக்னல் வருகிறது என்றார்.

உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "மெஷின்ல சுழி போட இடமே இல்ல."

கையை நீட்டச் சொன்னேன். அவர் உள்ளங்கையில் விரலால் ஒன்று போட்டுவிட்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.