உறையாத பால்

ராசாத்தாள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் அன்னூர்ப் பக்கம் யாரும் இல்லை. சோறு தின்னும்போதே இரண்டு தரம் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். மூன்று மாடுகள். அந்தப் பாலை எட்டு வருடமாக வாங்கும் அமீர் ஹம்சாவின் பிரியாணிக் கடை. பிழைப்பு அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் வருட மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, அமீர் ஹம்சா பால் கேனை வாங்காமல் நின்றார்.

“ஏனுங்கக்கா, ரெண்டு நாளாத் தயிரு ஒறையலீங்க. பால்ல என்னத்தக் கலக்கறீங்க? ஞாயித்துக்கெழம எம்புள்ள நஸ்ரியாவுக்கு நிக்காஹ். எரநூறு பேருக்குத் தயிர்ப்பச்சடி போடோணும்.”

“சாமி சத்தியமா ஒண்ணும் கலக்கலீங்க பாய்.”

அது உண்மைதான். ஆனாலும் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த வாரம் மாடுகளில் செவலைக்கும் கருப்பிக்கும் மடிநோய். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் காளிச்சாமி செவலைக்குப் பென்சிலின் ஊசியும் கருப்பிக்கு ஏதோ மஞ்சள் மருந்தும் மூன்று நாள் போட்டார். ஊசி முடிந்து நாலு நாள்வரை பாலைக் கீழே ஊற்றிவிடச் சொன்னார். ராசாத்தாள் தலையை ஆட்டினாள். லட்சுமி என்று மாட்டைக் கும்பிடுகிற கை, கறந்த பாலை மண்ணில் கொட்டுமா? காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்று மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மூன்று டம்ளர் எடுத்தாள். ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சி ஆற்றி, ஒரே உறைமோரை ஒவ்வொரு கரண்டி விட்டாள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஊசி போடாத வெள்ளச்சியின் தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கும்படி இருந்தது. கருப்பியினுடையது கொழகொழவென்று அரைகுறை. செவலையினுடையது நேற்று ஊற்றிய பாலாகவே கிடந்தது.

டம்ளர்களைக் கூடையில் வைத்துக்கொண்டு காளிச்சாமியிடம் போனாள்.

“மடியில இருக்கற கிருமியக் கொல்ற மருந்து, தயிர ஒறைய வெக்கற கிருமிய மட்டும் உட்டு வெக்குங்களா அம்மணி? பென்சிலின்னா அதுகளுக்கு ஆகவே ஆகாது. மஞ்ச மருந்துக்குக் கொஞ்சம் தாக்குப்புடிக்கும். காச்சுனாலும் மருந்து முழுசாப் போவாதுங்க.”

வெள்ளச்சியின் பால் இருநூறு பேருக்கு எப்படிக் காணும்? வாயை மூடிக்கொண்டு மூன்றையும் ஊற்றினால் நிக்காஹ் விருந்து நாறிப்போகும். வாயைத் திறந்தால் எட்டு வருடத்துப் பேர் போகும். பிரியாணிக் கடை வாசலை மூன்று தரம் தாண்டிப் போய், மூன்று தரமும் திரும்பி வந்தாள். பிறகு உள்ளே நுழைந்து டம்ளர்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

“மூணும் என்ற மாட்டுப் பாலுதானுங்க பாய். நல்லா ஒறஞ்சது ஊசி போடாத வெள்ளச்சி பாலு. ஊசி போட்ட மாட்டுப் பாலையுஞ் சேத்து ஊத்திப்போட்டேன். ஊத்தாதீங்கன்னு கம்பவுண்டர் சொன்னாருங்க. நாந்தான் கேக்கல.”

அமீர் ஹம்சா செவலையின் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார்.

“நேத்துக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்கக்கா.”

ராசாத்தாள் மேசையில் சிந்திய பாலை முந்தானையால் துடைத்தாள்.

“நாளைக்கு வெள்ளச்சி பால மட்டும் கொண்டாங்க. மிச்சத்துக்கு வேற எடத்துல சொல்லிக்கறேன்.” இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் முதலில் செவலையைக் கறந்து, நுரை ததும்பும் சொம்பைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். மழையில் ஊறிய மண் பாலைச் சட்டென்று குடிக்கவில்லை. வெள்ளையாகத் தேங்கி நின்ற அது வற்றுகிறவரை, ராசாத்தாள் ஓரடி நகராமல் அழுதுகொண்டே நின்றாள்.