கண்டக்டர் அண்ணன் ஜெபமும் என் அப்பளமும்

சேதி வந்தபோது நான் அரியக்குடியில் என் வீட்டில் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனில் ஞானசெல்வம் அண்ணனுடைய மகன். "அத்தை, அப்பா காலையில எந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாக" என்றான். கை ஈரத்தோடு நின்றேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, "யாருக்கும் சொல்லாமலா போனார்? விசில் கூட ஊதாமலா?" என்பதுதான். அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு எழுத வராது. மே மாத முகாமுக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஷாலினி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சைச் சீர்செய்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கதைக்குள் அவளும் வருவாள். அந்த இடத்தில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன்.

காரைக்குடி செக்காலையில் குடியிருந்த ஞானசெல்வம் அண்ணன் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் பள்ளத்தூர் முகாமே அவருக்கு வேலை. சென்னையிலிருந்து சர்ச் சபைப் பிள்ளைகள் வருவார்கள். கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். காலையில் சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டும் நடத்துவார்கள். மத்தியானம் வெயிலுக்குப் பயந்து சுருண்டு படுப்பார்கள். தங்குவதற்கு ஒரு செட்டியார் வீட்டை இரவல் கொடுப்பார்கள். அந்த வீட்டுக் கதவைத் திறக்க ஓர் ஆள் போதாது. சாவியே என் கரண்டிக் காம்பு நீளம் இருக்கும். சாவிக் கதை இப்போது வேண்டாம். சமையல் நான். நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவள். அதை முதல் வருஷமே அண்ணனிடம் சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, சாம்பாருக்குச் சாமி வித்தியாசம் தெரியாது" என்றார்.

அந்த வீட்டின் இரண்டாங்கட்டில், உள்முற்றத்துக்குப் பின்னால், பந்தி போடுவோம். அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவில் நடை. அண்ணனுக்கு அது பேருந்துதான். இலை போட்டதும் நடையில் ஒரு நடை போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். டிக்கெட் கிழிக்காததுதான் பாக்கி. பிறகு கண்ணை மூடி ஜெபம். ஒருவர் பேரையும் விடமாட்டார். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே சொல்லிக்கொண்டு போவார். பட்டணத்துப் பிள்ளைகள் பசியில் நெளிவார்கள். ஒரு பையன் ஒருநாள், "அங்கிள், ஆண்டவருக்கு எங்க பேரெல்லாம் தெரியும், சுருக்கமா முடிங்க" என்றான். "அவருக்குத் தெரியும்டா. பக்கத்து எலைக்காரனுக்குத் தெரியுமா?" என்றார் அண்ணன்.

கடைசிப் பேர் எப்போதும் என்னுடையது. "கடைசியா, இந்த வண்டியோட டிரைவர் பஞ்சவர்ணத்தையும் ஆசீர்வதியும்" என்று முடிப்பார். எனக்கு அந்த ஜெபம்தான் கடிகாரம். தூணோரத்துப் பிள்ளை பேர் வரும்போது எண்ணெயில் முதல் அப்பளத்தைப் போடுவேன். என் பேர் வரும்போது கடைசி அப்பளத்தை எடுப்பேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இலையில் மொறுமொறுவென்று இருக்கும். அந்த நேரக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

தப்பியது பேர்தான்.

அந்த வருஷம் ஷாலினி முதல்முறை வந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம், இவள் ஒருத்தி புதுசு. கலகலப்பில் சேரத் தெரியாமல் அடுப்படிக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். "ஆன்ட்டி, நான் இங்க இருக்கேனா இல்லையான்னே யாருக்கும் தெரியாது" என்பாள். "மத்தியானப் பந்தியில பாரு, ஒம் பேரு வரும்" என்பேன். அது வரும்போது அவள் தலை கொஞ்சம் நிமிரும்.

ஒருநாள் அண்ணன் நடையில் போன நேரத்தில் அவள் கொல்லைக் குழாயில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெங்காயம் அவ்வளவு காரம். ஓடிவந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஜெபம் நடந்தது. பக்கத்துப் பிள்ளை பேர் வந்தது. அடுத்த பிள்ளை பேர் வந்தது. நடுவில் இவள் பேர் இல்லை. அடுப்படியில் கரண்டியோடு நான் காத்திருந்தேன். டிரைவர் வந்தாச்சு, ஆமென் வந்தாச்சு. ஷாலினி குனிந்தபடியே சாப்பிட்டாள். அப்பளத்தைத் தொடவில்லை.

சாயங்காலக் காபிக்கு ஒரு டம்ளர் மிஞ்சியது. பார்த்தால் அவள் பை இல்லை.

"அண்ணே, ஷாலினி போயிட்டா. மத்தியானம் அவ பேர விட்டுட்டீகல்ல" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடி விரலால் காற்றில் வரிசை பிடித்தார். "தூணுக்கு அங்குட்டு வெறும் எலை. காலி சீட்டுன்னுல்ல நெனச்சுட்டேன்! ஏறு தங்கச்சி வண்டியில."

அவருடைய மொபெட்டில் நான் பின்னால் உட்கார்ந்தால் முன் சக்கரம் மேலே எழும்பும். அன்றைக்கு அதையெல்லாம் பார்க்கவில்லை. நாங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது காரைக்குடி டவுன் பஸ் கிளம்பிவிட்டது. கடைசி சீட்டு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. அண்ணன் கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை, பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துகிற அதே விசிலை, வாயில் வைத்து நீளமாக ஒரு ஊதல். பஸ் நின்றுவிட்டது! டிரைவர் பழக்கத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டார்.

"நான் ஊதலையேய்யா!" என்று உள்ளே இருந்த கண்டக்டர் கத்தினார்.

"நான்தான்டா ஊதுனேன். ஒரு ஆள விட்டுட்டேன்" என்று அண்ணன் ஏறினார். அந்தக் கண்டக்டர் அவரிடம் வேலை பழகியவராம். "அண்ணே, ரிட்டயர்டு ஆயிட்டீக, ஞாபகம் இருக்கா?" என்றார்.

அண்ணன் ஷாலினியிடம் நேராகப் போகவில்லை. முன் சீட்டிலிருந்து தொடங்கினார். "பேரு என்னத்தா?" கீரைக் கூடைக்காரி முழித்தாள். "எதுக்குங்க?" "ஜெபத்துக்கு." "நாங்க மாரியாத்தா கும்புடுறவுக, எங்களச் சேப்பீகளா?" "பேர மட்டும் சொல்லு. மத்தத மேல ரெண்டு பேரும் பேசிக்கிருவாக." பஸ்ஸே சிரித்தது. பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "முத்துக்கருப்பி!" "என் பேரு அழகப்பன், எம் மாட்டுக்கும் காலு சரியில்ல, சேத்துக்கங்க!" "டைம் ஆச்சுய்யா, என் பேரயும் சொல்லிட்டு விசிலக் குடு!" அது டிரைவர்.

நடைபாதை முழுக்க நடந்து கடைசி சீட்டுக்குப் போய் நின்றார். கண்ணை மூடி வரிசையாகச் சொன்னார். மாட்டைக் கூட விடவில்லை. கடைசியில் நிறுத்தினார். "ஷாலினி. எலை போட்டும் நான் பாக்காம விட்ட பிள்ள. அது என் தப்பு, அவ தப்பில்ல. ஆமென்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கிறவளையே இப்போது கேட்டேன். "ரெண்டும்தான் ஆன்ட்டி, மேல சொல்லுங்க" என்கிறாள். இறங்கினாள். அண்ணன் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் போனது. மொபெட்டில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டு நான் நடந்தே வந்தேன், சந்தோஷமாக.

அன்றிலிருந்து ஜெபத்துக்கு முன்னால் அண்ணன் வாசல் பக்கம் திரும்பி, "யாராச்சும் ஓடி வாரீகளா?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். "ஏறுனவுகள எண்ணுறது சுலபம் தங்கச்சி. ஓடி வாரவுகளப் பாக்குறதுதான் கண்டக்டர் வேல" என்பார். பிள்ளைகள் அதையும் கேலி செய்து அவரைப் போலவே கத்துவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அண்ணன் இல்லாத இந்த வருஷ முகாமின் முதல் பந்தியில் இலை போட்டாகிவிட்டது. ஜெபம் யார் செய்வது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆண்டு தவறாமல் லீவு போட்டு வருகிற ஷாலினி எழுந்தாள். நடையில் நடந்தாள். "யாராச்சும் ஓடி வாரீகளா?" என்றாள். சென்னைப் பெண், அந்த 'வாரீகளா' மட்டும் அச்சாக எங்கள் ஊர். கொல்லையிலிருந்து ஈரக் கையோடு ஒருத்தி உண்மையாகவே ஓடி வந்தாள்.

பேர்கள் வந்தன. நான் அப்பளம் போட்டேன். கடைசிப் பிள்ளை பேர் முடிந்ததும் ஷாலினி ஆமெனுக்கு வாய் எடுத்துவிட்டாள். நான் அடுப்படியிலிருந்தே கத்தினேன். "ஏத்தா! டிரைவர் ஏறல, அதுக்குள்ள வண்டிய எடுக்குற!"

மூடிய கண்ணோடு பந்தி முழுக்கச் சிரித்தது. "டிரைவர் பஞ்சவர்ணத்தையும் ஆசீர்வதியும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எங்க கண்டக்டரைக் குடுத்ததுக்கு நன்றி" என்றாள். அந்த ஒரு அப்பளம் மட்டும் கருகிவிட்டது. அதை நானே சாப்பிட்டேன்.

விசில் அவர் மகனிடம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எனக்கு அவர் வாசலைப் பார்த்த அந்த ஒரு பார்வை போதும். என் வீட்டிலும் சோறு போடுமுன் வாசலைப் பார்த்து, "யாராச்சும் ஓடி வாரீகளா?" என்கிறேன். "நாம ரெண்டு பேருதானடி, யாரு வரப்போறா, சோத்தப் போடு" என்பார் என் வீட்டுக்காரர். போடுகிறேன். வாசலை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான்.