வெள்ளாமைக்குள் போன வெள்ளைக்கோடு

“கல்முனையில பாக்க என்ன கெடக்கு மச்சி? கடையும் சனமும்தானே. வெள்ளக்காரன் சைக்கிள் ஓட அங்க வருவானா?”

இப்படிக் கேட்டது அறுகம்பேயில் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் என் மாமா மகன். அலை இல்லாத நாட்களில், அலைச்சறுக்க வரும் அவருடைய விருந்தினர்களுக்குப் பொழுது போகாது. சைக்கிளில் எங்காவது அரைநாள் சுற்றிவர வழி உண்டா என்று கேட்பார்களாம். காலையில் புறப்பட்டுப் பகல் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும். லொறி ஓடும் பெருந்தெரு வேண்டாம், சரளை போட்ட கிறவல் பாதையாக இருக்க வேண்டும். போன வழியாலேயே திரும்பி வரவும் கூடாது. நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கண்டுபிடித்தால் சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப் போகும் வேலை உனக்கு, இல்லையென்றால் பொத்துவில் பக்கத்துப் பொடியன் ஒருவனுக்கு, அடுத்த வெள்ளிக்குள் முடிவு சொல் என்றார். விருந்தினர் ஒருவர் விட்டுப்போன மலைச் சைக்கிளையும் வேனில் ஏற்றி அனுப்பினார். என்னைக் கேலி செய்யாமல் அவருக்கு ஒரு வார்த்தையும் வராது. ஆனால் கேட்டதைத் தராமலும் இருக்க மாட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பட்டம் முடித்து இரண்டு வருடமாக அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். வாப்பாவும் உம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எனக்கு மூத்தவரான காக்கா ஐந்தாம் வகுப்போடு கடை வேலைக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான், அதுவும் புவியியல். வரைபடம் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு பாதை கண்டுபிடிப்பது பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

ஊருக்கு மேற்கே இருக்கும் வயல்காடு எனக்குத் தெரியாத இடம். கல்முனையில் வளர்ந்த பெண்களுக்குக் கடற்கரை தெரியும், கடைத்தெரு தெரியும். அந்த வயல்களில் விளைந்ததைத்தான் பிறந்ததிலிருந்து தின்கிறேன், ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை.

இரண்டு இரவுகள் போனில் வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டினால் வாய்க்கால் கரையில் ஒரு கட்டு தெற்கே போகிறது. சம்மாந்துறைப் பக்கமிருந்து இன்னொரு கட்டு வடக்கே வருகிறது. இரண்டுக்கும் நடுவே வயலின் குறுக்காக மெல்லிய வெள்ளைக்கோடு. அது இருந்தால் வட்டம் முழுமையாகிவிடும். கோட்டின் நீளத்தை அளந்து, நேரத்தைக் கணக்குப் போட்டு, மச்சானுக்குப் படமும் அனுப்பிவிட்டேன். வழி இருக்கிறது, திங்கட்கிழமை ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

திங்கள் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். உம்மா ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்து, சல்வாரின் கால் சங்கிலியில் சிக்காமல் இருக்க உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டைக் குத்திவிட்டார். வாப்பா கேற் வரை வந்தார். சைக்கிளின் கியர்களை எண்ணிப் பார்த்து, இத்தனையும் எதற்கு என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை, மேட்டுக்கு என்றேன். நம்ம ஊரில் மேடு எங்கே என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

கிட்டங்கியில் பாலத்தின் இரண்டு பக்கமும் தாமரை. ஒரு நாரை நான் கிட்டப் போகும்வரை அசையவில்லை. வாய்க்கால் கட்டில் ஏறியதும் கிறவல் டயருக்குக் கீழே நொறுநொறுவென்று சத்தம் போட்டது. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை. மயில்கள் கோழிகளைப்போலப் பாதையைக் கடந்தன. இத்தனை வருடமும் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டா இருந்தோம் என்று எனக்கு ஊர்மேல் கொஞ்சம் கோபமும் வந்தது.

வெள்ளைக்கோடு தொடங்க வேண்டிய இடத்தில் நின்றேன். போன் சரியான இடம் என்றது. எனக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு நெல் வெள்ளாமை நின்றது. கோடும் இல்லை, பாதையும் இல்லை. முன்னும் பின்னும் போய்ப் பார்த்தேன். வேறு இடமும் இல்லை.

வரம்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும், மண்வெட்டியோடு நின்ற அவருடைய கணவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலை என்ற ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்று பிறகு சொன்னார்கள்.

“என்ன புள்ள, எதையும் துலைச்சிட்டியா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“ஒரு பாதய மாமி,” என்றேன்.

போனைக் காட்டினேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் முன்பு பார்த்திருக்க முடியாது. ஆனால் தன் வயலைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

“இது வெட்டு முடிஞ்சாப்பொறகு எடுத்த படம். மெசினும் ரெக்டரும் நெல்லேத்தப் போன தடம் இது. இப்ப இதால போறண்டா எங்கட வெள்ளாமைக்கு மேலாலதான் போகணும்.”

“அவசரமில்லாட்டி நில்லு புள்ள,” என்றார் கணவர். “ரெண்டு மாசத்தில வெட்டித் தாறம்.”

மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு முகமும் சூடாகிவிட்டது. எந்தப் போகத்தில் எடுத்த படம் என்று பார்க்காமல் கோட்டை மட்டும் அளந்திருக்கிறேன். வயலில் மண்வெட்டி பிடித்த யாரும் இந்தப் பிழையைச் செய்ய மாட்டார்கள்.

வயல் தண்ணீர் வடியும் வடிச்சல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அகலமான கட்டு ஒன்று உண்டு, அதால் சம்மாந்துறை றோட்டுக்கு ஏறலாம் என்றார் கணவர். அவர்கள் வேலைக்கு வந்தால் அந்த இடத்தில் இறங்கித்தான் கடப்பார்களாம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரையில் ரொட்டியைப் பகிர்ந்து தின்றோம். பகலுக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன், இடுப்புவரை சேற்றோடு.

அன்றிரவு மச்சான் கேட்டார். வட்டம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வந்ததுதானே. ஆனால் வேற்று நாட்டு மனிதரை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமியின் கணவரைச் சைக்கிள் தூக்கச் சொல்ல முடியுமா? பாதை இல்லை, நான் அனுப்பிய படம் பிழை என்று எழுதினேன். அந்த வரியை எழுதுவதற்கு என் பட்டப்படிப்பு முழுவதையும் விட அதிக நேரம் எடுத்ததுபோல் இருந்தது. அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு என்று மட்டும் பதில் வந்தது.

செவ்வாய் முழுக்க அந்த வடிச்சலையே யோசித்தேன். மனிதர்கள் நடை மிச்சம் என்று அங்கேயே இறங்கிக் கடப்பார்கள். ரெக்டர்? அந்தக் கட்டில் டயர்த் தடம் இருந்ததை நான் கண்டேன். உழுவதற்கும் நெல்லேற்றவும் அது எங்கோ கடந்திருக்கத்தானே வேண்டும்? படத்தைத் திரும்பப் பார்த்தேன். வடிச்சல் முழுவதும் கோடாகத் தெரிந்தது, ஓரிடத்தைத் தவிர. அங்கே கரும்பச்சையாக மரங்கள்.

புதன் காலை அந்தத் தடத்தையே பிடித்துப் போனேன். மூன்று மருதமரங்கள் வாய்க்காலுக்கு மேல் கிளையைக் கோத்துக்கொண்டு நின்றன. அவற்றின் நிழலுக்குள், வானத்திலிருந்து யாரும் பார்க்க முடியாத இடத்தில், வாய்க்காலைக் கடக்கும் சிறு பாலமாக ஒரு பழைய கொங்கிறீட் மதகு. ரெக்டர் ஒன்று தாராளமாகப் போகும் அகலம். ஒருபக்க விளிம்பு மட்டும் உடைந்திருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சைக்கிளில் இரண்டு தரம் அங்குமிங்கும் ஓடிப் பார்த்தேன்.

திரும்பும்போது மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பி முதுகில் தள்ளியது. சம்மாந்துறை வழியாகக் காரைதீவு வந்து ஊருக்குள் நுழைந்தபோது பகல் தொழுகை லுஹருக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. மேற்கே போவது காலையில், கிழக்கே திரும்புவது காற்றோடு. இந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றக் கூடாது என்று மச்சானுக்கு எழுதினேன். வெட்டுக்காலத்தில் இந்த வழி எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது என்பதையும் சேர்த்தேன்.

அவர் போனில் கூப்பிட்டார். “முதலாவது சனிக்கு ரெண்டு பேர் வாறாங்க. ஒருத்தருக்கு வயசு அறுபதுக்கு மேல. விழுத்திப் போடாத, மச்சி.”

நேற்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பெயின்ற் டின்னும் பூசுவதற்குத் தென்னந்தும்பும் எடுத்துக்கொண்டு போனேன். மாமியிடம் கேட்டுவிட்டு, மர நிழலிலும் கண்ணில் படும்படி மதகின் உடைந்த விளிம்பில் ஒரு முழ அகலத்துக்குப் பூசினேன். மதகின் மறுமுனைக்குப் போய் அங்கேயும் பூசிவிட்டு வந்தேன்.